போடப் போடச் சரியாகாது

கால் நுழையாமல் திணறும்போது செருப்புக் கடைக்காரர் சொல்லும் சமாதானம் எந்த ஊரிலும் ஒன்றுதான்: "ரெண்டு நாள் போட்டா லூஸாயிடும்க்கா." வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். கடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு, பஞ்சு வை, கொஞ்சம் பொறுத்துக்கொள், பழகிவிடும். இவ்வளவு பேர் இவ்வளவு காலமாக நம்பும் இந்தப் பேச்சு நல்ல கால்களைக் கெடுக்கிறது. ஏற்கெனவே கெட்ட கால்களைப் படுகுழியில் தள்ளுகிறது.

தோல் கொஞ்சம் இளகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல தோலில் தைத்த செருப்பின் மேற்பகுதி அகலவாக்கில் சற்று நெகிழும். ஆனால் நீளம் கூடாது, அடிப்பாகத்தின் அகலமும் மாறாது. இன்றைக்குக் கடைகளில் குவிந்துகிடக்கும் ரெக்ஸினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்தச் சிறு நெகிழ்வுகூடக் கிடையாது. பிறகு எது பழகுகிறது? கால்தான். உராயும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழுகிறது. காய்ப்பு இறுகி ஆணியாகிறது. சிறுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய் ஒடுங்குகிறது. பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிறது. பெருவிரல் கோணலுக்குப் பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால் முனை குறுகிய செருப்பு அந்தக் கோணலை வருடக்கணக்கில் வளர்த்துவிடுகிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றை நெருக்கி வைத்துவிட்டு, வலி குறைந்ததும் செருப்பு சரியாகிவிட்டது என்கிறோம்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது, பழியை வாங்குபவர் மேல் போடும் வழக்கம். "உங்க கால் கொஞ்சம் அகலம்மா, அதான்." அகலமான கால் ஒரு குறை என்று யார் சொன்னது? சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் பல பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்தது. இந்தியக் கால்கள் பொதுவாக அகலமானவை என்பது அந்த ஆய்வின் முடிவு. நாம் வாங்கும் செருப்புகளில் இருப்பதோ பிரிட்டிஷ் அளவு முறை. ஆக, கடையில் நீங்கள் கேட்டது உங்கள் காலைப் பற்றிய தீர்ப்பு அல்ல, வேறு நாட்டுக் கால்களுக்கு வகுத்த அளவின் பற்றாக்குறை.

அந்தப் பற்றாக்குறையை மூடத்தான் "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க" என்கிறார்கள். ஒரு சைஸ் ஏற்றினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் மிகக் கொஞ்சம்தான் கூடும். விளைவாக முன்பாதம் இன்னும் நெருக்கத்திலேயே இருக்க, குதிகால் மட்டும் கழன்று கழன்று விழும். செருப்பு மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் வேறு வேறாகிவிடும். நழுவாமல் பிடிக்க விரல்கள் நாள் முழுக்கக் கொக்கிபோல் மடங்கிக்கொண்டே இருக்கும். மேலைநாட்டுக் கடைகள் பலவற்றில் ஒரே நீளத்துக்கு இரண்டு மூன்று அகலங்கள் கேட்டு வாங்கலாம். நம் கடைகளில் அகலம் என்று ஒரு அளவு இருப்பதே வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது.

"போட்டுப் பார்த்தேன், வலிக்கலை, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு வேலூரிலிருந்து ஒரு பதில் உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிரும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார். நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது; மீதி நாசத்தைச் சூடான பாத்திரமும் முள்ளும் பொருந்தாத செருப்பும் செய்கின்றன என்று கண்டார். இறுகிய வார் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால் அங்கே ரத்தம் ஓடாது, சதை செத்துப்போகும். வலி உள்ளவர் அதற்குள் காலை மாற்றி ஊன்றுவார், நொண்டுவார், கழற்றி வீசுவார். வலி அற்றவர் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே நடப்பார்.

தொழுநோய் குறைந்துவிட்டது, ஆனால் அதே மரத்த கால்கள் இன்று சர்க்கரை நோயால் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அந்தக் கால்களை உடையவர்களிடம் 'வலிக்கலை, அப்புறம் என்ன' என்ற நம்பிக்கை என்ன செய்கிறது என்று யோசியுங்கள். உணர்வு குறைந்த காலுக்குச் சரியான அளவு தொளதொளவென்று தோன்றும். இறுக்கிப் பிடிப்பதுதான் பொருத்தமாகத் தெரியும். அவர் மனதார இறுக்கமான செருப்பைத் தேர்ந்தெடுத்து, வலிக்கவில்லை என்று சந்தோஷமாக நடப்பார். மாலையில் காலுறையில் கறையைப் பார்க்கும்போதுதான் புண் தெரியும். ஆறாத புண் விரலையும் காலையும் வாங்கிக்கொண்டு போகும். இந்தக் கால்களுக்குக் கடையில் போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும். பெரிய பாதத்தின் காகிதம் செருப்புக்குள் எங்கும் மடங்காமல் படுக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு விரல்கிடை இடமும் வேண்டும். மடங்கினால் அது உங்கள் செருப்பு இல்லை. விரலிடுக்கில் வார் போகும் செருப்பு மரத்த காலுக்கு வேண்டவே வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் பின்வாரும், தளர்த்தி இறுக்க ஒட்டுப்பட்டையும் இருப்பதே நல்லது.

இதோடு ஒட்டிப்பிறந்த இன்னொரு நம்பிக்கையையும் விடுவதாக இல்லை: கால் கோளாறு உள்ளவருக்கு அழகு எதற்கு? மருத்துவச் செருப்பு என்றால் கறுப்பாக, கனமாக, பார்த்தவுடன் நோய் தெரியும்படி இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். நுண்துளை ரப்பரை உள்ளே வைத்த எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கவே வந்தது, காக்கவும் செய்தது. ஆனால் அதைப் போட்டால் ஊருக்கே நோய் தெரிந்துவிடும் என்று பலர் அதைத் தொடவில்லை. இன்று சர்க்கரை நோயுள்ள எத்தனையோ அம்மாக்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பட்டுப்புடவைக்குப் பொருந்தும் மெல்லிய வார்ச்செருப்பில் கல்யாணத்துக்குப் போகிறார்கள். நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் அன்றைக்குத்தான். அவர்களை வீம்புக்காரிகள் என்று திட்டுவது அநியாயம். போடப்படாத செருப்பு எந்தக் காலையும் காப்பாற்றாது. போட வைப்பது அழகுதான் என்றால் அழகும் சிகிச்சையின் பகுதி.

இது முடியாத காரியமும் இல்லை. முன்பாதம் அகன்றிருக்கலாம், முனை உருண்டிருக்கலாம், புடைத்த மூட்டின் மேல் தையல் வராமல் மென்தோல் வைக்கலாம், உள்ளே தடித்த மெத்தை வைக்குமளவு ஆழம் விடலாம். மேலே சரிகை நிறமோ அரக்கு நிறமோ எதுவும் வரலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் அச்சுக்கட்டைகளில் அவர்கள் கேட்ட அளவுக்குத் துல்லியமாகத் தைத்துக் கொடுக்கும் கைகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கின்றன. 'பா' என்ற பெயரில் இந்தியக் காலுக்கான அளவு முறையும் முன்மொழியப்பட்டிருக்கிறது. அந்த முறை கடைக்கு வரும்போது ஒவ்வொரு நீளத்துக்கும் குறைந்தது இரண்டு அகலங்கள் அடுக்கில் இருக்கவேண்டும், கல்யாணத்துக்குப் போட்டுப்போகத் தக்க மருத்துவச் செருப்பும் அதே அடுக்கில் இருக்கவேண்டும்.