மாட்டு வயிறு என்ன குடோனா?

பசுந்தீவனம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அடுத்த வார்த்தை கோ-4. கோவை வேளாண் பல்கலைக்கழகம் விட்ட கம்பு நேப்பியர் புல். ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரும், கரணையை ஊன்றினால் போதும், பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள்... கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எடையைக் காட்டிச் சத்தை மறைக்கிற கணக்கு இது.

காய்ந்த எடையில் பார்த்தால் இந்தப் புல்லில் புரதம் 8 முதல் 10 சதவீதம். வேலிமசால், குதிரைமசால் மாதிரி பயறு வகைத் தீவனத்தில் 20 சதவீதம் பக்கம். மாடு ஒரு நாளைக்குத் தின்பதற்கு ஒரு எல்லை உண்டு. வயிறு நிறைந்த பிறகு தோட்டத்தில் இன்னும் எத்தனை டன் நின்றால் என்ன?

குறைகிற புரதத்துக்குத்தான் பிண்ணாக்கும் தீவன மூட்டையும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே சந்தோஷப்பட்டது. சரி. பக்கத்துச் செட்டியார்பட்டியில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? பால் காசு வந்த கையோடு மூட்டைக் கடைக்குப் போனால் அது லாபமா, வெறும் கைமாற்றா?

உடனே "அப்போ மசாலை மட்டும் போட்டுடலாம்" என்று கிளம்பக் கூடாது. வேலிமசால் தனியாக ஏக்கருக்கு 50 டன் பக்கம்தான் வரும். ஈரத்தோடு இளம் குதிரைமசாலை மட்டும் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மூன்று வரிசை புல், ஒரு வரிசை வேலிமசால் என்று அதே பல்கலைக்கழகம் சொல்கிறது. புல்லுக்கு அறுப்புக்கு அறுப்பு யூரியா கேட்கும். மசாலோ வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், அந்த வரிசைக்கு அந்தச் செலவு இல்லை.

கிணறு இல்லாதவர்களுக்கு? கொழுக்கட்டைப் புல்லோடு முயல்மசால். 450 மி.மீ. மழை கிடைத்தால் தாக்குப்பிடிக்கும் செடி அது. புதுசாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. காங்கேயம் பக்கம் கொரங்காட்டைப் போய்ப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே நரிப்பயற்றங்கொடி, மேலே வெள்வேல மரம். காங்கேயம் மாடு அதில் மேய்ந்துதான் வளர்ந்தது.

பிறகு ஏன் புல் மட்டும் பரவியது? கரணை ஓசியில் கைமாறும், மசால் விதையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலிமசால் விதைக்குத் தோல் வேறு கெட்டி, அப்படியே போட்டால் சரியாக முளைக்காது. 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நாலைந்து நிமிஷம் போட்டு எடுத்து விதைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை! இதை ஊரில் ஒரு தடவை செய்து காட்ட ஆளில்லை. புல்லுக்கு மட்டும் கூட்டம் போட்டு, போட்டோ எடுத்து, கரணையை அள்ளிக் கொடுக்கிறார்கள். அடுத்த தடவை கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டோடும் கால் கிலோ வேலிமசால் விதையும் சேர்த்துக் கொடுக்கட்டுமே. எது தடுக்கிறது?