வடபுலத்து முஹாஜிர்களின் நிலம்

ஒரு சென்ட் மனைக்கு வில்லங்கச் சான்று என்று பூந்தமல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து அலுத்தவர்கள் திருவேற்காட்டில் ஏராளம். கையில் பத்திரம் இருந்தும் மண் கைக்கு வராத துயரத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அத்துயரத்தை முப்பதாண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து நிற்கும் ஒரு சமூகம், நம் மொழியையே பேசி, கடலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தொலைதேசத்து முஸ்லிம்களுக்காகக் கையேந்தி துஆச் செய்யும் நாம் இவர்களை நினைப்பது குறைவு.

1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவினருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகளும் பறிக்கப்பட்டன. அண்டை வீட்டுத் தமிழர் பலர் அழுது வழியனுப்பினர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புத்தளத்து மக்கள் அன்ஸாரிகளைப் போல் இடம் கொடுத்தனர். ஆயினும் சொந்த வயலில் நெல் விளைவித்தவர்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் தங்கி, பிறர் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிகளானார்கள்.

2002 ஏப்ரலில் புலிகள் தரப்பு வருத்தம் தெரிவித்தது. 2009 மே மாதம் போரும் முடிந்தது. ஆனால் திரும்பிச் சென்றவர்கள் கண்டதென்ன? சில வீடுகளில் வேறு குடும்பங்கள் இருந்தன. சிலாவத்துறையில் மக்களின் காணியில் கடற்படை முகாம் நின்றது. முசலிப் பகுதியில் ஆளின்றிக் கிடந்த நிலங்களில் காடு வளர்ந்திருந்தது. 2017இல் அப்பகுதியின் பெரும் பரப்பு வன ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. விரட்டப்பட்டதால்தான் காடு வளர்ந்தது. காடு வளர்ந்ததால் இனி வராதே என்பது எந்த ஊர் நியாயம்? 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பங்களாகத் திரும்பினர் என்பதையும் அதிகாரிகள் கணக்கில் கொள்ளவில்லை.

பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவனுக்கே காணி என்பது இலங்கையின் பழைய ஆட்சியுரிமைச் சட்டம். துப்பாக்கி முனையில் வெளியேறியவன் எங்கே போய்த் தடை சொல்வான்? 2016இல் சிறப்புச் சட்டம் இயற்றி அதற்குப் பரிகாரம் தேடினார்கள். அதுவும் வழக்குத் தொடுக்கும் வசதியுள்ளவனுக்கே உதவியது. நம் ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்போ தெளிவானது: அபகரித்த பொருள் எத்தனை ஆண்டுகள் கையில் இருந்தாலும் அபகரித்தவனுக்குச் சொந்தமாகாது.

மக்கா வெற்றியின்போது எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்தாரா என்னும் கருத்தில் மறுமொழி கூறினார்கள். வெற்றி பெற்ற ஊரிலேயே கூடாரத்தில் தங்கினார்கள். அது அவர்களின் பெருந்தன்மை. அதைக் காட்டி, புத்தளத்து ஏழையிடம் நீயும் விட்டுக்கொடு என்று உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை. விட்டுக்கொடுப்பது உரியவனின் விருப்பம். மீட்டுக்கொடுப்பதோ அரசின் கடமை. காணி அலுவலகத்தில் அந்த ஏழைக்காக வாதாட ஒரு வழக்கறிஞரின் கூலியைக் கொடுப்பதும் ஸதகாதான்.