டோன் பொறுக்கத் தெரிந்தால் போதுமா?

கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்துக்கு முந்தைய பாட்டுக் கச்சேரி என்று திருச்சி வட்டாரத்தில் கீபோர்டு வாசித்துப் பிழைத்தவன் நான். மெல்லிசைக் குழுவில் கீபோர்டுகாரருக்கு மரியாதை எதற்குத் தெரியுமா? பாடகர் மைக்கைப் பிடிப்பதற்குள், சினிமாவில் கேட்ட அதே டோனைத் தட்டி எடுத்துவிட வேண்டும். முன்னிசைக்குப் புல்லாங்குழல், இடையிசைக்கு வயலின் கூட்டம், சரணத்துக்கு முன் ஒரு மணியோசை. எல்லாம் பாட்டு வரிசைப்படி எண் போட்டுச் சேமித்திருக்கும். கூட்டம் கேட்பதும் அதைத்தான். அந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போட்டது; அதில் குறையில்லை.

அதையே பாடமாக்கியதில்தான் எனக்குக் குறை. தெருவுக்குத் தெரு கீபோர்டு வகுப்பு நடக்கிறது. பிள்ளை பொத்தானை அமுக்குகிறது. எங்கோ ஒரு பொறியாளர் செய்து வைத்த ஒலி வருகிறது. அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று பிள்ளை கேட்பதில்லை, வாத்தியாரும் சொல்வதில்லை. வயலின் மாணவர் வில்லின் அழுத்தத்தைப் படிக்கிறார். மிருதங்க மாணவர் வலந்தலையில் விரல் விழும் இடத்தைப் படிக்கிறார். மின்னணு இசை மாணவர் மட்டும் பட்டியலைப் படிக்கிறார். முதலில் ஒலியை உண்டாக்கப் பழகட்டும் என்பதே என் கட்சி. அதற்கு ஆயிரம் டோன் வேண்டாம். கையடக்கமான ஒரு பெட்டியும், அதில் திருகிப் பார்க்கப் பத்துப் பதினைந்து குமிழ்களும் போதும்.

சிந்தசைசர் என்று பெரிய பெயர் இருந்தாலும் உள்ளே நடப்பது சுருக்கமானது. ஆசிலேட்டர் ஓர் அதிர்வைத் தருகிறது. ஃபில்டர் அதன் கூர்மையை வெட்டுகிறது. அதன்பின் என்வலப். மிருதங்கத்தில் அடி விழுந்ததும் ஓசை உச்சத்தைத் தொட்டு உடனே சரிகிறது. வயலினில் வில் நகரும்வரை நிற்கிறது. இந்த எழுச்சி, சரிவு, நிலைப்பு, அடக்கம் நான்கையும் நான்கு குமிழ்களாகப் பிரித்து வைத்திருப்பதுதான் என்வலப். என்னிடம் வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போனாள். தட்டும் ஓசையாக இருந்தது, ஊதும் ஓசையாக மாறியது. “சார், இரண்டும் ஒரே சவுண்டா?” என்றாள். டோன் பட்டியலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே டிரம் ஓர் எண், குழல் வேறோர் எண்.

ஒரு காலத்தில் எல்லாரும் இப்படித்தான் படித்தார்கள். 1970-இல் வந்த மினிமூக் கருவிக்கு நினைவகமே கிடையாது. ஒலி பிடித்துப்போனால் குமிழ்கள் நின்ற நிலையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது நிலைமை புரண்டது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் அது இயங்கியது. கண்ணாடிபோல் தெளிந்த ஒலிகள். ஆனால் முகப்பில் குமிழ்கள் போய்த் தட்டையான பொத்தான்கள் வந்தன. உள்ளே புதிதாக ஒன்றைச் செய்வது பெரும்பாடு. உலகெங்கும் வாசித்தவர்களில் மிகப் பலர் தொழிற்சாலை வைத்த ஒலியோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் கச்சேரி மேடைகளின் டோன் பழக்கத்துக்கும் அந்த வழிதான் மூலம்.

குமிழ் என்ன செய்யும் என்பதற்கு ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303-ஐவிட நல்ல சாட்சி இல்லை. பேஸ் கிட்டார்காரர் இல்லாத இடத்தில் துணைக்கு வாசிக்கட்டும் என்று 1981-இல் விற்பனைக்கு வந்த சின்னப் பெட்டி அது. பேஸ் கிட்டார்போல ஒலிக்கவே இல்லை. 1984-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய பெட்டிகள் மலிவாகக் கைமாறின. சிகாகோவில் டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் கையில் ஒன்று சிக்கியது. வாசிப்பதற்கு முன் சரிசெய்து வைக்க வேண்டிய குமிழ்களை, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் திருகினார்கள். ஃபில்டர் திறந்து மூட, ஒலி முனகியது, கீச்சிட்டது, கொப்பளித்தது. ஃபியூச்சர் என்ற பெயரில் அவர்கள் 1987-இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ இசைத்தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற வகையே பிறந்தது. கையேட்டில் இல்லாத காரியத்தைக் கை கண்டுபிடித்தது.

அதற்கு ஐந்தாண்டு முன்பே, மும்பைத் திரையிசையில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே 303-ஐக் கையில் எடுத்திருக்கிறார். கூடவே தாளத்துக்கு டிஆர்-808, சுரத்துக்கு ஜூபிடர்-8. 1982-இல் அவர் பதிவுசெய்த இசைத்தட்டில் பத்து ராகங்கள் டிஸ்கோ தாளத்தில் ஓடுகின்றன. அதிலுள்ள பூபாலி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம். 303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல ‘ஸ்லைடு’ என்ற வசதி உண்டு. ராகம் வாசித்த காதுக்கு அதன் பயன் உடனே பிடிபட்டிருக்கும். தட்டு அப்போது விற்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவுக்கு முன்பே இந்த ஒலியா என்று உலகம் வியந்தது.

நம் பிள்ளைகளுக்கும் அந்தக் காது இருக்கிறது. 2013-இல் கோர்க் நிறுவனம் கொண்டுவந்த வோல்கா பெட்டிகளில் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். பதினாறு படிகள், ஒவ்வொரு படியிலும் அடி வேண்டுமா வேண்டாமா என்று தொட்டுச் சொல்ல வேண்டும். பதினாறு என்பது மேற்கத்திய நாலுக்கு நாலு கணக்கு. ஓர் அட்சரத்துக்கு இரண்டு படி என்று வைத்தால் அதுவே ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். மிருதங்கம் படிக்கும் பையன் ஒருவன் கடைசி இரண்டு படிகளை அணைத்துவிட்டுப் பதினான்காக்கினான். 1, 7, 11 ஆகிய படிகளில் அடியை வைத்தான். தகிட தகதிமி என்று மிஸ்ர சாபு ஓடத் தொடங்கியது. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது பெட்டியை எப்படி ஆன் செய்வது என்பது மட்டும்.

இதையெல்லாம் கணினியிலேயே செய்யலாமே என்பார்கள். செய்யலாம். நானும் பதிவுக்குக் கணினியைத்தான் வைத்திருக்கிறேன். விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில், அறை நிறைய அடுக்க வேண்டிய கருவிகளைத் திரையிலேயே கோக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளும் பருவத்தில் திரை கண்ணைக் கட்டிப்போடுகிறது. மவுஸ் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் பிடிக்கும். பெட்டியில் இடது கை ஃபில்டரிலும் வலது கை என்வலப்பிலும் இருக்க, கண் சும்மா இருக்கும். வேலை முழுவதும் காதுக்கு வந்து சேரும். மென்பொருளில் ஒரு டிரம் ஒலி தேடிப் போன மாணவன் மாலை முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கிறான். பெட்டியில் தேட ஏதுமில்லை. இருப்பதைத் திருக வேண்டியதுதான்.

அடுத்த ஆட்சேபம் நியாயமானது: விலை. சின்னப் பெட்டியே ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் விலைக்கு வருகிறது. ஒன்று வாங்கியதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று கைக்குச் சிக்கியதையெல்லாம் சேர்த்துவிட்டு ஒன்றையும் வாசிக்காதவர்கள் உண்டு. ஒன்றை அலுக்கும்வரை திருகுங்கள், அலுத்த பிறகும் கொஞ்சநாள் திருகுங்கள் என்பேன். அதற்கும் வசதியில்லாதவர் கடைக்குப் போய்ப் பாகங்கள் வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 40106 என்ற ஐசிக்குள் ஆறு ஆசிலேட்டர்களுக்கு இடமிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போதும். ரெசிஸ்டருக்குப் பதில் வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் வைத்தால், கை நிழல் பட்டாலே சுருதி ஏறி இறங்கும். கூடவே ஒலியைப் பெருக்க ஓர் எல்எம்386 ஐசி, சின்ன ஸ்பீக்கர், ஒன்பது வோல்ட் பேட்டரி. எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பேட்டரியில் மட்டும்தான், வீட்டு மின்சாரத்தில் இந்த விளையாட்டு கூடாது.

இரண்டு ஆசிலேட்டர்களைக் கிட்டத்தட்ட ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தால் ஓசை விம்மி விம்மி வரும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் விம்மல்கள் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்குவது இதைத்தான். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் காதில் கேட்டு அடக்குவதும் இதைத்தான். குமிழைத் திருகத் திருக விம்மல் மெதுவாகி, நின்று, இரண்டும் ஒன்றாகும். இயற்பியல் வாத்தியாரும் பாட்டு வாத்தியாரும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல காரணம் கிடையாது.

நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசரோடு ஓர் ஒலிக்கூடம் அமைந்தது. அமைத்துக்கொடுத்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். அதற்குத் துணைநின்ற கீதா சாராபாய், 1946-இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர். ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஒலிநாடாவில் இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடியெடுத்ததால் 2023-இல் வெளியே வந்தன. ஒரு நிறுவனத்துக்குள், ஒரே ஒரு விலையுயர்ந்த கருவியைச் சுற்றி நடந்ததால் அது அங்கேயே நின்றுபோனது என்று நினைக்கிறேன். இன்று அந்தத் தடை இல்லை.

எனவே கேட்பது மூன்று. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் நம் பள்ளிகளிலும் உள்ளன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். எல்இடி எரியவைப்பதும் ரோபோ ஓட்டுவதும் நடக்கும் அதே மேசையில் ஓர் ஆசிலேட்டர் கட்டுவதும் நடக்கட்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் படிக்கும் மாணவர்கள் கைவைத்துப் பார்க்க, பள்ளிக்கு இரண்டு பெட்டிகள் வாங்கிக்கொடுக்கலாம். சுருதியும் தாளமும் தேறிய கைகள் அவை. பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் ‘தானே செய்த ஒலி’ என்று ஒரு போட்டியும் சேரட்டும். விதி ஒன்றே ஒன்று: சேமித்து வைத்த டோன் எதையும் பயன்படுத்தக் கூடாது. முதல் ஆண்டில் கீச்சும் கரகரப்புமாகத்தான் இருக்கும், நடுவர்களும் காதைப் பொத்திக்கொள்வார்கள். வயலின் பிடித்த முதல் ஆண்டில் யார் வீட்டில்தான் அப்படி இல்லை?