பணச் சலவையும் பஃபே சாப்பாடும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் தன்னோட பதிவுல, வங்கி கம்ப்ளையன்ஸ் வேலைக்கு வர்ற புள்ளைங்க கடன வாங்கியாவது ஒரு சர்வதேச சான்றிதழ் பரீட்சை எழுதிடணும், வருஷத்துக்கு ரெண்டு மாநாட்டுக்குப் போய் நாலு பெரிய மனுஷங்களோட பழகணும், அப்பதான் இந்தத் துறையில உருப்பட முடியும்னு எழுதியிருந்தார். பின்னூட்டத்துல ஆளாளுக்கு "அருமை", "பயனுள்ள பதிவு", "பகிர்வுக்கு நன்றி". எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அங்கயே பதில் எழுத ஆரம்பிச்சேன், அனுமார் வால் மாதிரி நீண்டுருச்சு. அதான் தனிப்பதிவு. நண்பர் கோச்சுக்க மாட்டார்ங்கற தைரியம்தான்.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நான் வங்கிக்காரன் இல்ல, சாதாரண பொட்டி தட்டுறவன். ஆனா தட்டுற பொட்டி, வங்கிகளுக்கான பணச் சலவை தடுப்பு மென்பொருள். எந்தக் கணக்குல என்ன மாதிரி பணம் வந்தா மணி அடிக்கணும்னு விதி எழுதறது என் வேலை. அந்த மணிக்கு இவங்க பாஷையில அலர்ட்னு பேரு. அடிச்ச மணியை ஓஎம்ஆர்லயோ பெங்களூர்லயோ ராத்திரி ஷிப்ட்ல உக்காந்து ஒரு அனலிஸ்ட் பாப்பாங்க. ஒண்ணுமில்லன்னா மூடுவாங்க, சந்தேகம்னா மேல அனுப்புவாங்க. கடைசியா அது சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கையா அரசாங்கத்தோட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். நம்மூர்ல அந்தப் பிரிவு 2004-ல ஆரம்பிச்சது. சட்டம் 2002-ல வந்து, 2005 ஜூலையில அமலுக்கு வந்துச்சு.

இந்தச் சங்கிலியில இருக்கற எல்லாருக்கும் பயிற்சி குடுத்தே ஆகணும். பாரிஸ்ல இருக்கற எஃப்.ஏ.டி.எஃப்.போட 40 பரிந்துரைகள்ல 18-வது, ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி இருக்கணும்னு சொல்லுது. அமெரிக்காவுல 2001 பேட்ரியாட் சட்டத்தோட 352-வது பிரிவும் அதையேதான் சொல்லுது. சட்டம் சொல்றதால குடுக்கறாங்க. எப்படிக் குடுக்கறாங்கங்கறதுலதான் சமாச்சாரமே இருக்கு.

கீழ்மட்டத்துக்கு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு ஸ்லைடு ஷோ. அதுல தவறாம ஒரு முக்கோணம் வரும்: பணத்தை உள்ள நுழைக்கறது, அடுக்கடுக்கா மறைக்கறது, நல்ல பணத்தோட கலக்கறது. இருபது வருஷமா அதே முக்கோணம், அதே கோட்டு சூட்டு போட்ட மர்ம மனிதன், கையில டாலர் பெட்டி. கடைசியில பத்து கேள்வி. "உங்கள் வாடிக்கையாளர் சந்தேகத்துக்குரியவர் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அ) கண்டுகொள்ள மாட்டேன், ஆ) அவரிடமே சொல்லிவிடுவேன், இ) மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்." இதுல ஃபெயில் ஆகணும்னா தனித் திறமை வேணும் :-) எங்க ஆபீஸ்லயும் வருஷா வருஷம் இது உண்டு. டிசம்பர் கடைசி வாரத்துல மேனேஜர் மெயில் போடுவார்: "இன்னும் 11 பேர் முடிக்கல, பச்சை ஆக்குங்க". பச்சைங்கறது எக்செல்ல இருக்கற கட்டத்தோட நிறம். தணிக்கைக்காரர் பாக்கறதும் அந்தப் பச்சையைத்தான்.

மேல்மட்டத்துக்கு அட்டகாசமான ஏற்பாடு. நட்சத்திர ஓட்டல் பால்ரூம், கழுத்துல தொங்கற அட்டை, மேடையில நாலு சோபா, "சவால்களும் வாய்ப்புகளும்"னு ஒரு தலைப்பு. ஸ்பான்சர் யாருன்னு பாத்தா என்னை மாதிரி ஆளுங்க எழுதற மென்பொருளை விக்கற கம்பெனிங்க. அதாவது, வாங்கறவருக்கு விக்கறவர் பாடம் நடத்துறார். நடுவுல பஃபே. பனீர் டிக்கா வரிசையில நின்னுக்கிட்டு விசிட்டிங் கார்டு மாத்திக்கறதுக்குப் பேருதான் நெட்வொர்க்கிங். சான்றிதழ் வச்சிருந்தா இந்த மாதிரி கூட்டத்துக்குப் போனாலே கிரெடிட் வேற ஏறும். சான்றிதழ் உயிரோட இருக்கணும்னா குறிப்பிட்ட காலத்துக்குள்ள அந்த கிரெடிட் சேத்தாகணும்.

சான்றிதழே வேண்டாம்னு சொல்லல. அந்தப் பாடத்தைப் படிச்சவங்களுக்குச் சட்டம் தெரியும், வரலாறு தெரியும், உருப்படியான விஷயம்தான். ஆனா பரீட்சைக் கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல. முப்பதாயிரம் ரூபா சம்பளத்துல அலர்ட் மூடற பொண்ணு ரெண்டு மூணு மாசச் சம்பளத்தை எடுத்து வச்சுட்டு, அதுக்கப்புறம் என்ன சாப்பிடும்னு நண்பர் எழுதல.

இப்ப நிஜமா பணம் எங்க பிடிபடுதுன்னு பாப்போம். இங்கிலாந்துல நாட்வெஸ்ட் வங்கி வழக்கு. இதை எல்லா மாநாட்டுலயும் அபராதத் தொகையோட ஒரு ஸ்லைடா ஓட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. நான் போக விடமாட்டேன்.

பிராட்ஃபோர்டுல ஃபௌலர் ஓல்டுஃபீல்டுன்னு ஒரு தங்க வியாபார நிறுவனம். கணக்கு ஆரம்பிக்கும்போது வருஷத்துக்குச் சுமார் 15 மில்லியன் பவுண்டு புழங்கும், ரொக்கம் வராதுன்னுதான் எதிர்பார்ப்பு. 2012 நவம்பர்ல இருந்து 2016 ஜூனுக்குள்ள சுமார் 365 மில்லியன் பவுண்டு வந்துச்சு. அதுல 264 மில்லியன் ரொக்கம்! உச்சத்துல ஒரு நாளைக்கு 1.8 மில்லியன் வரைக்கும் கட்டியிருக்காங்க. கருப்பு குப்பைப் பையில அள்ளிக்கிட்டு வந்திருக்காங்க. வால்சால் கிளையில வெயிட்டு தாங்காம பை கிழிஞ்சு, பணத்தைச் சாக்குக்கு மாத்த வேண்டியதாச்சுன்னு கோர்ட்லயே சொன்னாங்க.

கவுண்டர்ல இருந்தவங்க சும்மா இருந்தாங்களா? இல்ல. அதான் இந்தக் கதையோட உயிர்நாடி. ஸ்காட்லாந்து நோட்டு இங்கிலாந்து பூரா ஏன் இவ்வளவு வருதுன்னு கேட்டாங்க. நோட்டுல ஒரு புழுங்கின வாசம் அடிக்குதுன்னு சொன்னாங்க. கட்ட வர்ற ஆளுங்க நடவடிக்கை சரியில்லன்னு சொன்னாங்க. ரொக்கத்தைக் கையாண்ட ஊழியர்கள் இதையெல்லாம் விசாரிக்க வேண்டிய பிரிவுக்கு முறைப்படி தெரிவிச்சாங்கன்னு கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.வே சொல்லுது. தகுந்த நடவடிக்கை எடுக்கலன்னும் சொல்லுது. 2021 டிசம்பர்ல கோர்ட் போட்ட அபராதம் சுமார் 264.8 மில்லியன் பவுண்டு.

வாசத்தை மோந்து கண்டுபிடிச்சவருக்கு எந்த சான்றிதழ் குடுத்திருப்பாங்க? எந்த பால்ரூம்ல அவர் பேசினார்?

இன்னொரு விஷயம் என் பொழப்பு சம்பந்தப்பட்டது. அந்த வங்கியோட தானியங்கி கண்காணிப்பு மென்பொருளோட ஒரு பகுதி, சில ரொக்கக் கட்டுகளைக் காசோலைன்னு எடுத்துக்கிச்சு. காசோலைக்கு ஆபத்து கம்மிங்கறதால மணி அடிக்கல. 2008-ல இருந்து 2017 வரைக்கும், பல வாடிக்கையாளர்கள் விஷயத்துல, இந்த ஓட்டை இருந்திருக்கு. ஒன்பது வருஷம் சார்! கவுண்டர்ல இருக்கறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நோட்டு எண்ணிக்கிட்டு இருக்காங்க, கம்ப்யூட்டர் அதைக் காசோலைங்குது. அந்த கேஷியரையும், அந்த மென்பொருளைப் பராமரிச்ச ஒரு பொட்டி தட்டுறவனையும் ஒரு அரைமணி நேரம் ஒரே மேசையில உக்கார வச்சு, "நேத்து உங்க கிளையில எவ்வளவு ரொக்கம் வந்துச்சு? என் திரையில எவ்வளவு காட்டுது?"ன்னு பேச விட்டிருந்தா? எனக்குத் தெரிஞ்ச ஒரே பயனுள்ள நெட்வொர்க்கிங் அதுதான். அதுக்கு பனீர் டிக்கா வேண்டாம், டீயும் பொறையும் போதும்.

"அது ஏதோ ஒரு வங்கி, ஒரு காலம்"னு சொல்லுவீங்க. சரி, 2024 அக்டோபருக்கு வாங்க. அமெரிக்காவுல டி.டி. வங்கி குற்றத்தை ஒத்துக்கிட்டு மொத்தம் சுமார் 3 பில்லியன் டாலர் கட்டச் சம்மதிச்சது. ஒரே ஆளு 470 மில்லியன் டாலருக்கு மேல அந்த வங்கி வழியா ஓட்டியிருக்கார். ஊழியர்களுக்கு அவர் குடுத்த கிஃப்ட் கார்டு மதிப்பு 57,000 டாலருக்குக் கொஞ்சம் மேல. மலிவா முடிஞ்சிருக்கு பாருங்க. 2018 ஜனவரியில இருந்து 2024 ஏப்ரல் வரைக்கும் அந்த வங்கியோட பரிவர்த்தனை அளவுல 92 சதவீதம் கண்காணிப்புக்குள்ளயே வரல, சுமார் 18.3 டிரில்லியன் டாலர். இவ்வளவு பெரிய வங்கியில பயிற்சி ஸ்லைடுக்கும் மாநாட்டு டிக்கெட்டுக்குமா பஞ்சம் இருந்திருக்கும்?

இதுக்கு நண்பர் தரப்புல ஒரு நியாயமான கேள்வி வரும். "கீழ்மட்ட ஆளுங்க எல்லாம் வெளியில பேசிக்கிட்டா, சந்தேகத்துக்குள்ளான வாடிக்கையாளருக்குத் தகவல் கசிஞ்சிராதா?" கசியக்கூடாது, வாஸ்தவம். எஃப்.ஏ.டி.எஃப். 21-வது பரிந்துரையே அதைத்தான் சொல்லுது. ஆனா கசியக்கூடாதது அந்த அறிக்கை. தந்திரம் கசிஞ்சா யாருக்கும் நஷ்டமில்ல. "இந்த மாசம் எங்க கிளையில காலேஜ் பசங்க பேர்ல திடீர்னு கரண்ட் அக்கவுண்ட் ஓபன் ஆகுது, உங்க பக்கம் எப்படி?"ன்னு ஒரு ஊழியர் இன்னொருத்தர்கிட்ட கேக்கறதுல எந்த வாடிக்கையாளர் பேரும் இல்ல. இந்த வித்தியாசத்தை ஸ்லைடுல சொல்லிக்குடுக்கறது இல்ல. "பேசாதே" மட்டும்தான் சொல்றாங்க. விளைவு, பயந்துக்கிட்டு பக்கத்து சீட்டுல கூடப் பேசறதில்ல.

மேல்மட்டத்துல மட்டும் இதுக்கெல்லாம் வழி செஞ்சாச்சு. இங்கிலாந்துல 2015-ல இருந்து வங்கிகளும் போலீசும் ஒண்ணா உக்காந்து உளவு பகிர்ந்துக்கற அமைப்பு இருக்கு. ஆஸ்திரேலியாவுல 2017-ல ஃபின்டெல் கூட்டணி வந்துச்சு. சிங்கப்பூர்ல 2024 ஏப்ரல்ல காஸ்மிக்னு ஒரு தளமே திறந்து, ஆறு பெரிய வங்கிகள் வாடிக்கையாளர் விவரத்தையே பரிமாறிக்க சட்டப்படி இடம் குடுத்துட்டாங்க. நல்ல காரியம். நான் கேக்கறது இதோட சின்ன வடிவம் கீழ வரைக்கும் இறங்கணும்ங்கறதுதான்.

நம்மூருக்கு இது ஏன் தலைபோற விஷயம்னா, இப்ப இங்க ஓடற ஆட்டம் டாலர் பெட்டி ஆட்டம் இல்ல. டிஜிட்டல் அரெஸ்ட்னு வீடியோ கால்ல மிரட்டி ரிட்டயர் ஆன வாத்தியாரோட பி.எஃப். பணத்தைப் பிடுங்கறான். அது கொஞ்ச நேரத்துலயே வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியா சிதறிப் போயிடுது. கமிஷன் குடுத்து வாங்கின கணக்கு, கழுதை மாதிரி சுமக்கறதால மியூல் அக்கவுண்ட். ரிசர்வ் வங்கி இதைப் பிடிக்கறதுக்குன்னே மியூல்ஹண்டர்னு ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பத்தி 2024 டிசம்பர்ல அறிவிச்சது. நான் மென்பொருள்காரன், சந்தோஷம்தான். ஆனா அந்தக் கணக்கு முதல்ல ஒரு சின்ன ஊர் கிளையில, ஒரு மேசையில, ஒரு மனுஷர் முன்னாடிதான் திறக்கப்படுது. படிவத்தைத் தானே நிரப்பத் தெரியாம பக்கத்துல நிக்கற "அண்ணன்" முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கற பையனை அவர் பாக்கறார். என் விதிக்கு அந்த அண்ணன் தெரியமாட்டார். அந்த மேசைக்காரருக்கு மாசத்துக்கு இத்தனை கணக்கு திறக்கணும்னு டார்கெட் இருக்கு, முக்கோண ஸ்லைடு இருக்கு, அண்ணனைப் பத்தி எழுத ஒரு கட்டம் கூட இல்ல.

பாதிக்கப்பட்ட வாத்தியார் போன் பண்ணும்போதுதான் எல்லாரும் அந்தக் கணக்கைத் திறந்து பாப்பாங்க. அப்ப அதுல மினிமம் பேலன்ஸ் கூட இருக்காது.

அதனால நண்பரே, புள்ளைங்களுக்கு நான் சொல்ற யோசனை வேற. உங்க பக்கத்துல இருக்கற கிளைக்கு மாசம் ஒரு நாள் போய் கேஷ் கவுண்டருக்குப் பின்னாடி உக்காருங்க. மேலிடத்துல அனுமதி கேளுங்க, இல்லன்னு சொன்னா எழுத்துல இல்லன்னு வாங்குங்க. அலர்ட் மூடறவங்க, விதி எழுதறவனோட எக்ஸ்டென்ஷன் நம்பரைக் கேட்டு வாங்கி, "இந்த மணி நூத்துக்கு தொண்ணூறு தடவை வீணா அடிக்குது"ன்னு திட்டுங்க. எனக்கு இது வரைக்கும் அப்படி ஒரு போன் கூட வந்ததில்ல. நடுவுல மூணு டீம், ரெண்டு கம்பெனி, ஒரு டிக்கெட் சிஸ்டம். வங்கி முதலாளிங்க பயிற்சி பட்ஜெட்ல பால்ரூமுக்குப் போறதுல பாதியை எடுத்து, சந்தேகம் சொன்ன ஊழியருக்கு "நீங்க சொன்னதைப் பாத்தோம், இந்தக் காரணத்தால எடுத்துக்கிட்டோம், இந்தக் காரணத்தால விட்டுட்டோம்"னு பதில் எழுத ரெண்டு ஆளைப் போடலாம். வெளிய சொல்ல முடியாததை விட்டுட்டு மீதியைச் சொன்னா கூடப் போதும். மூணு தடவை சொல்லியும் பதிலே வராதவங்க நாலாவது தடவை ஏன் மெனக்கெடுவாங்க?

வங்கியில கவுண்டர்ல உக்கார்ற பதிவர்கள் இங்க நாலஞ்சு பேராவது இருக்கீங்கன்னு தெரியும். வாடிக்கையாளர் பேர், வங்கி பேர் எதுவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க: கடைசியா நீங்க மேல அனுப்பின சந்தேகத்துக்கு யாராவது ஒரு வரி பதில் போட்டாங்களா?