பேஸ்மன்டில் மூட்டை அடுக்குவோர் கவனத்துக்கு

ரேடான் வாயு என்றதும், அது கோர்ன்வால், டெவன் பக்கத்து விவகாரம், இலண்டனில் கடை வைத்திருக்கும் நமக்கு என்ன என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். கருங்கல் பூமியான அப்பகுதிகளில் அது அதிகம் என்பது உண்மையே. ஆனால் நிலமட்டத்துக்குக் கீழே ஆட்கள் வேலை செய்யும் இடம் எந்த ஊரில் இருந்தாலும், வாரத்தில் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே புழக்கம் இருந்தால் ரேடானை அளந்து பார்க்க வேண்டும் என்பது பிரித்தானிய சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டல். அரிசி மூட்டையும் பருப்புப் பெட்டியும் ஏற்றி இறக்கும் நமது பையன்கள் ஒரே நாளில் அந்த ஒரு மணியைத் தாண்டிவிடுகிறார்கள்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் வாயு இது. நிறமில்லை, மணமில்லை. குளிர்காலத்தில் கதவு யன்னலை அடைத்து ஹீற்றரைப் போடுகிறோம். சூடான காற்று மேலெழும்போது, தரை வெடிப்புகளின் வழியே மண்ணுக்குள் இருக்கும் வாயு உள்ளே இழுபடுகிறது. இந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,100 பேர் இதன் காரணமான நுரையீரல் புற்றுநோயால் இறப்பதாக 2009இல் வெளியான அறிக்கை கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடித்தவர்கள். கடையின் பின்பக்கம் நின்று சிகரட் பற்றவைப்போர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

அளப்பது பெரிய காரியமல்ல. சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மூன்று மாதம் வைத்துவிட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினால் முடிவு வரும். ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 300 பெக்கரெலைத் தாண்டினால் வேலைத்தலத்தில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். வீடுகளுக்கு அந்த எல்லை 200. கடைக்கு மேலேயே குடியிருப்போர் இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

அளவு கூடியிருந்தால், தரைக்கு அடியில் சிறு குழி எடுத்துக் குழாய் பொருத்தி, மின்விசிறியால் வாயுவை வெளியே தள்ளுவார்கள். இதுவே நன்றாகப் பலன் தரும் முறை. புழுக்கம் போக்குவதற்கென்று பேஸ்மன்டின் காற்றை வெளியே இழுக்கும் விசிறியை நாமே மாட்டிவிடுவது ஆபத்து. அது மண்ணிலிருந்து இன்னும் அதிக வாயுவை உள்ளே இழுத்துவிடக்கூடும்.

கட்டட உரிமையாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். தரையை உடைக்கும் செலவு யாருடையது என்பதை லீஸ் பத்திரம் சொல்லட்டும். ஆனால் அங்கே வேலை செய்பவர் நமது ஆள். அவருக்குள்ள ஆபத்தை மதிப்பிடும் பொறுப்பு அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நம்முடையது. ஃபிரீசர் பழுதானால் அன்றே ஆள் அழைக்கும் நாம், இதற்குச் சில பத்துப் பவுண் செலவழிக்கத் தயங்குவது சரியான கணக்காகத் தெரியவில்லை.

பாடசாலையும் ஒரு வேலைத்தலமே என்பதால் இதே விதி அதற்கும் உண்டு. பிள்ளைகள் படிக்கும் கட்டடம் அளக்கப்பட்டதா என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். நாம் நன்கொடை கொடுக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் சில, வாடகை மண்டபங்களின் கீழ்த்தளத்தில் நடக்கின்றன. மண்டப நிர்வாகத்திடம் அளவு முடிவைக் கேட்கவேண்டும். இல்லையென்று சொன்னால் டப்பாச் செலவை நமது சங்கமே ஏற்கலாம் என்பது எமது யோசனை. ஒக்டோபரில் வைத்தால் தைப்பொங்கலளவில் திருப்பி அனுப்பிவிடலாம்.