ஆறு கிலோமீட்டர் கட்டமும் பெட்டிமுடி மழைமானியும்

பருவமழையின் இரண்டாம் பாதிக்கான முன்னறிவிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 ஜூலை 31 அன்று வெளியிட்டது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் நீண்டகாலச் சராசரி 422.8 மி.மீ.; நாடு முழுமைக்கும் அதில் 106 விழுக்காட்டுக்கு மேல் மழை கிடைக்கும் என்கிறது அறிக்கை. குறையக்கூடிய பகுதிகள் என்று அது சொல்பவற்றில் வடகிழக்கோடு தீபகற்பத்தின் தென்மேற்கும் இருக்கிறது. டெல்லிக்கு அது ஒரு பின்குறிப்பாக இருக்கலாம். பெரியாற்றுப் படுகையில் வேலை பார்க்கும் நமக்கு அதுதான் தலைப்புச் செய்தி. இதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 26 அன்று, புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பும் செயல்பாட்டுக்கு வந்தது. இடுக்கி, இடமலையாறு, முல்லைப் பெரியாறு அணைகளின் ஷட்டர் முடிவுகளில் இவை இரண்டுக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இந்த இதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மாத வரைபடத்தை வைத்து, எந்த நாளில் அணையில் எவ்வளவு நீர் வைக்கலாம் என்று வகுக்கும் ரூல் கர்வின் மேல் மட்டத்தை ஒரு அங்குலம்கூடத் தளர்த்தக் கூடாது. 'இயல்புக்குக் குறையலாம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே தண்ணீரைப் பிடித்து வைக்கத் தோன்றும். மூலமற்றம் மின்நிலையத்தின் 780 மெகாவாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது நியாயமான ஆசைதான். 2023இல் கேரளத்தின் பருவமழை 34 விழுக்காடு குறைந்தது, ஆகஸ்ட் வறண்டே கழிந்தது. அந்தப் பயம் இன்னும் யாருக்கும் போகவில்லை. ஆனால் 2018 ஏப்ரலில் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது 97 விழுக்காடு. கேரளம் அந்தப் பருவத்தை 23 விழுக்காடு மிகையில் முடித்தது. ஆலுவாவை மூழ்கடித்ததோ ஆகஸ்ட் 15 முதல் 17 வரை பெய்த மழை. பருவக் கணக்கு நீர்த்தேக்கம் நிரம்புமா என்பதைச் சொல்லலாம். ஆலுவாவின் மார்த்தாண்ட வர்மா பாலத்தடியில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை மூன்று நாள் மழைதான் முடிவு செய்கிறது. அந்த மூன்று நாளைப் பற்றிப் பருவ வரைபடத்துக்கு எதுவும் தெரியாது.

பாரத் அமைப்பு வேறு வகை. அதை மனமார வரவேற்கிறோம். 12 கி.மீ. கட்டத்திலிருந்து 6 கி.மீ.க்கு வந்திருப்பது பெரிய வேலை. அர்க்கா போன்ற மீக்கணினி இல்லாமல் அது நடந்திருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏற்றத்தை முந்தைய மாதிரிகள் மழுங்கடித்துவிட்டன; இது ஓரளவாவது அந்த மலையைக் காண்கிறது. ஆனாலும் ஊராட்சி அளவு முன்னறிவிப்பு என்ற விளம்பரத்தை நம் தொழிலில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மாதிரி ஒரு மழைத் திரளைச் சரியாகக் காட்ட ஆறேழு கட்டங்களாவது வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அப்படியென்றால் உண்மையான பிரிப்புத்திறன் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. நேரியமங்கலத்தில் கொட்டித் தீர்க்கும் நாளில் மறையூரில் குடை விரிக்க வேண்டியிருக்காது. இடையில் இருப்பது ஒரு மலைமுகடு மட்டும்தான். போதாக்குறைக்கு, இது ஒற்றை விடை தரும் மாதிரி. நிகழ்தகவு தரும் 21 உறுப்பினர் தொகுப்பு இன்னும் 12 கி.மீ. கட்டத்தில்தான் ஓடுகிறது. ஷட்டர் எடுக்கிற பொறியாளருக்குத் தேவை எட்டு அங்குலம் பெய்யும் என்ற ஒற்றை எண் அல்ல, எட்டைத் தாண்ட எத்தனை வாய்ப்பு என்ற கணக்கு. ஆகவே 48 மணி நேரத்துக்குள்ளான முடிவுகளுக்கு இதைத் தொகுப்போடு சேர்த்துப் பார்க்கலாம். தனியாக இதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். இத்தோடு கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்தது.

ஆனால் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி காலையில் எதிலிருந்து தொடங்குகிறது? சரியாகச் சொன்னதா இல்லையா என்று மாலையில் எதை வைத்துச் சரிபார்க்கிறது? கட்டம் ஆறு கிலோமீட்டர். மலைமேல் உள்ள மழைமானிகளின் இடைவெளி எவ்வளவு?

மலைநீரை நம்பி வாழ்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. காஷ்மீரின் குல்மார்க்கில் பனி விழவில்லை என்று 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைத் தள்ளிவைத்தார்கள். அங்கே பனிச்சறுக்குத் தளம் நடத்துகிறவருக்கும் ஸ்ரீநகரின் மழைக்கணக்கு உதவாது, அஃபர்வத் சரிவில் எத்தனை அங்குலம் கிடக்கிறது என்பதுதான் வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மலைகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தானியங்கிப் பனிமானிகளை நிறுவி, அந்த எண்களைத் தினமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். பனிச்சறுக்குக்காரரும் அணைப் பொறியாளரும் விவசாயியும் பார்ப்பது ஒரே எண்ணை. நீர் எங்கே பிறக்கிறதோ அங்கே அளந்தார்கள். அளந்ததை மறைக்கவும் இல்லை. நம் மலையில் பனி இல்லை, மழை மட்டும்தான் என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

பல ஆண்டுகளாக இந்த இதழ் திரும்பத் திரும்ப எழுதிவரும் விஷயத்துக்கு இங்கே வருகிறோம். ஏலமலையிலும் கண்ணன் தேவன் மலையிலும் அளக்க ஆள் இல்லாமல் இல்லை. தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக அளந்துவருகின்றன. காலை எட்டரைக்கு ஆபீஸ் கிளார்க் மழைமானியைத் திறக்கிறார், புட்டியில் இருப்பதை அளவுக் குவளையில் ஊற்றுகிறார், குழிந்த நீர்மட்டத்தின் அடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார், நீள நோட்டில் எழுதுகிறார். கொழுந்து எடுப்பு, உரம், மருந்தடிப்பு எல்லாம் அந்த எண்ணை ஒட்டித்தான் நடக்கும். நாம் இன்று தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்லும் 1924 ஜூலை மழையை ஒரு எண்ணாகப் பேச முடிகிறதென்றால், தேவிகுளத்தில் அந்த நாட்களிலும் யாரோ ஒருவர் போய் மழைமானியைப் பார்த்தார் என்பதுதான் காரணம். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போன மழை அது. மத்திய நீர் ஆணையம் 2018 வெள்ளத்தை ஆராய்ந்தபோது ஒப்பிட எடுத்ததும் அந்த தேவிகுளம் மழையைத்தான்.

அந்த நோட்டுகள் இன்று எங்கே போகின்றன? ஆண்டு முடிந்ததும் அலமாரிக்கு. அன்றன்றைய எண் கட்டுப்பாட்டு அறைக்கு வருவதற்கு வழியே இல்லை.

பெட்டிமுடியை இதற்கு மேல் மறைமுகமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 அன்று அந்த மலையில் 24 மணி நேரத்தில் 600 மி.மீ.க்கு மேல் பெய்தது. 200 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்ட மழைமானியில் அது பன்னிரண்டு லிட்டர். இடையில் ஒருவர் போய்ப் புட்டியைக் காலி செய்யாவிட்டால் வழிந்தே போயிருக்கும். அன்று இரவு பத்தரை மணிக்குப் பின் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் விழுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி போனது மறுநாள் காலையில். எழுபது பேர். கயத்தாறு பக்கத்திலிருந்து போய், தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள். அந்த மழை தோட்டத்தின் கணக்கில் பதிந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு 'இங்கே 400ஐத் தாண்டிவிட்டது' என்று ஒருவர் சொல்ல நினைத்திருந்தாலும், யாரிடம் சொல்வது, கேட்பவர் என்ன செய்வார் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. அதிநுட்ப மாதிரி இல்லாததால் நேர்ந்த குறை அல்ல இது. ஒரு வயர்லெஸ் பெட்டியும் எழுதப்பட்ட ஒரு பக்க நடைமுறையும் இல்லாததால் நேர்ந்தது.

அந்த மலையின் மேற்குச் சரிவில் விழும் நீர் பூதத்தான்கெட்டு வழியாக நம் ஆலுவாவுக்குத்தான் வருகிறது. மேலே லயத்தில் இருப்பவருக்கு உயிர் காக்கும் எண்ணும், கீழே மணப்புறத்தில் கடை போட்டிருப்பவருக்குச் சாமானைத் தூக்கச் சொல்லும் எண்ணும், நீரேற்று நிலையத்தில் கலங்கல் ஏறுவதற்கு முன்பே படிகாரத்தைக் கூட்டச் சொல்லும் எண்ணும் ஒன்றே. அதை நாம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

2018க்குப் பின் நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். இடுக்கியில் 2399 அடியை ஒட்டி வந்தபின் ஆகஸ்ட் 9 அன்று 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி ஷட்டரைத் திறந்தது தாமதமா இல்லையா என்பதைச் சுற்றியே எல்லோரும் நின்றார்கள். அணைகள் வெள்ளத்தைக் கூட்டவில்லை என்றது நீர் ஆணையம். நிர்வாகத்தில் தவறு உண்டு என்றார் உயர் நீதிமன்றத்துக்கு உதவிய வழக்கறிஞர். ஒரு வாரத்துக்கு 98.5 மி.மீ. என்றார்கள், 352.2 மி.மீ. பெய்தது என்று மாநில அரசு வானிலைத் துறையைக் குறை சொன்னது. அன்று கேரளத்தில் நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்பு நிலையம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பற்றி அதில் பாதி சத்தம்கூட எழவில்லை. நீலீஸ்வரத்தில் பெரியாறு 8,800 கியூமெக் உச்சத்தைத் தொட்டது. இடுக்கியிலிருந்து விட்டது சுமார் 1,500. மீதி முழுவதும் அணையில்லாத ஓடைகளும் மற்ற கிளையாறுகளும் கொண்டுவந்தது. அந்த மீதியை அளக்கத்தான் மலையில் மானி வேண்டும் என்கிறோம்.

தானியங்கி நிலையங்கள் பெருகியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எங்கே பெருகின? சாலை ஓரத்தில், பள்ளிக்கூட மைதானத்தில், ஆட்கள் போய்வர வசதியான இடத்தில். சோலைக்காட்டுப் பக்கம் வைத்ததில் இலை விழுந்து புனல் அடைத்துக்கொள்கிறது. ஜூலையில் வெயிலே இல்லாததால் பேட்டரி இறங்கிவிடுகிறது. மணிக்கு 60, 70 மி.மீ. பெய்யும்போது கவிழும் வாளி குறைத்தே எண்ணுகிறது. இந்தப் பிழையைத் திருத்தப் பக்கத்தில் சாதா மழைமானி ஒன்று வேண்டும். அது தோட்டத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டோம். சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்கு விவரமாக எழுதினோம். தனியார் தரவு, தரச்சான்று இல்லாதது, ஏற்க இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சான்று தர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. 2020இல் இதே மாநிலம் பணம் கொடுத்துத் தனியார் வானிலை நிறுவனங்களின் சேவையை வாங்கியது. அவர்களிடம் கேட்காத சான்றைத் தோட்ட கிளார்க்கிடம் கேட்பது எந்த நியாயம்?

முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு நடந்தது 2024 ஜூலை 30. அதற்கு மறுநாளே எச்சரிக்கை கொடுத்தோம், கொடுக்கவில்லை என்று டெல்லியும் திருவனந்தபுரமும் வாதாடின. 115 முதல் 204 மி.மீ. என்றுதான் சொன்னார்கள், 48 மணி நேரத்தில் 572 பெய்தது என்றார் முதலமைச்சர். சடலங்களை இன்னும் தோண்டிக்கொண்டிருந்த நேரம் அது. மலையில் அளந்த எண் ஒன்று எல்லோர் கண்முன்னும் மணிக்கு மணி ஓடிக்கொண்டிருந்தால் அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. யார் மேலும் பழி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் எண்கள் வெளியே வருவதில்லையோ என்று எங்களுக்கு இப்போது தோன்றுகிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறோம். இந்தத் துறைகளில் இருப்பவர்களில் பலர் நம் வாசகர்கள், நண்பர்கள், இரவு முழுக்க விழித்திருந்து வேலை பார்ப்பவர்கள். குறை அவர்களுடையதல்ல, அவர்களுக்குமேல் கையெழுத்துப் போடுகிறவர்களுடையது.

எல்லை அரசியலை இதில் கலக்க வேண்டாம். முல்லைப் பெரியாற்றின் பாதுகாப்பு வழக்கு வேறு. 2025 ஜூன் 29 அன்று 136 அடியைத் தாண்டியதும் தமிழ்நாடு பதின்மூன்று ஷட்டர்களைத் திறந்ததும் ரூல் கர்வின்படிதான். ஆனால் தேக்கடிக்கு மேலே சிவகிரிப் பக்கம் இன்று எவ்வளவு பெய்தது என்ற எண் தமிழ்நாட்டுப் பொறியாளருக்கும் வேண்டும், வண்டிப்பெரியாற்றில் கரையோரம் குடியிருப்பவருக்கும் வேண்டும். இரு மாநிலமும் வழக்காடிக்கொண்டே இதை மட்டும் பகிர்ந்துகொள்ள எந்தத் தீர்ப்பும் தடையாக இல்லை.

பாரத் அமைப்புக்குப் பொறுப்பானவர்களிடம் நாங்கள் கேட்பது குறைவு. பெரியாற்றின் ஒவ்வொரு நீர்ப்பிடிப்புக்கும் தனித்தனியாக, 50, 100, 200 மி.மீ. தாண்டும் வாய்ப்பை விழுக்காட்டில் கொடுங்கள். கொடுத்தது எத்தனை முறை பலித்தது என்பதைப் பருவம் முடிந்ததும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள். தோட்ட மழைமானிகளை நேரில் வந்து பாருங்கள், சரியில்லாததைத் தள்ளுங்கள், சரியானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பேரிடர் ஆணையம் கனமழை நாட்களில் எட்டரை மணி அளவோடு மாலை நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அளவு கேட்டு வாங்கட்டும். 24 மணிக் கணக்கு 200ஐத் தாண்டினால் சரிவின் கீழே உள்ள லயங்களைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் தோட்ட மேலாளருக்கே எழுத்தில் இருக்கட்டும்.

இவை நடக்கும்வரை நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. அடுத்த இதழிலிருந்து பெரியாற்று நீர்ப்பிடிப்புக்கு வெளியான முன்னறிவிப்பையும், அதே நாட்களில் தோட்டங்களில் அளந்ததையும் அருகருகே அச்சிடுவோம். மூணாறு, பீர்மேடு, வாகமண், வால்பாறை தோட்டங்களில் வேலை பார்க்கும் வாசகர்கள் எட்டரை மணி அளவையும், மானியின் வகையையும், அது நிற்கும் இடத்தின் உயரத்தையும் எழுதி அனுப்புங்கள். மானிக்குப் பக்கத்தில் மரமோ கூரையோ இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.