கந்தக பூமி கேட்கும் சட்டம்

தீபாவளி இரவில் நாட்டின் வானத்தையெல்லாம் பூக்கச் செய்யும் ஊர் எது என்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் சிவகாசி என்பான். அந்த வட்டாரத்துத் தெருக்களில் வரிசையாய் நிற்கும் குடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டால், எவரும் வாய் திறவார்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து இங்கே ஊன்றினர். குச்சியும் மருந்தும் உலர வெயில் துணை நின்றது. பின்னர் பட்டாசு வந்தது, அச்சுத் தொழில் வளர்ந்தது. எந்த வறட்சி தொழிலை வாழவைத்ததோ, அந்த வறட்சியே தொழிலாளியின் தொண்டையையும் உலர்த்திற்று.

வெம்பக்கோட்டை அணையும் மானூர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் நகருக்கு நீர் தருகின்றன. 2021இல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சி ஆயின. மகிழ்கிறோம். ஆனால் பட்டாசு ஆலைகள் நகருக்குள் மட்டுமா இருக்கின்றன? சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் பரவிக் கிடக்கின்றன. ஆலை ஓர் ஊராட்சியில், தொழிலாளியின் குடிசை மற்றோர் ஊராட்சியில், வணிகம் நகரத்தில்! வைப்பாறு எல்லைக்கல் பார்த்தா ஓடுகிறது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 முதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் திட்டம் தீட்டும் பெரும்பணி அதற்கு. சென்னைக்கோ 1978இலேயே தனிச்சட்டம் பிறந்தது. தனி வாரியமும் வந்தது. தலைநகரின் தாகத்துக்குத் தனிச்சட்டம் தகும் என்றால், கந்தக பூமியின் தாகத்துக்கு மட்டும் தகாதோ?

ஆகவே கேட்கிறோம்: மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அனைத்தையும் ஒரே வட்டமாக இணைத்து, குடிநீர், வடிகால், சாலை ஆகியவற்றைக் கவனிக்கும் மேம்பாட்டு வாரியம் ஒன்றைச் சட்டமன்றம் படைக்கட்டும். இது புதுமையன்று. 1887இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட ரைட் சட்டம், உழவர்கள் தமக்குள் வாக்களித்துப் பாசன வட்டம் அமைக்கவும், கடன் பத்திரம் வெளியிடவும், வரி விதிக்கவும் வழி திறந்தது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, உத்திரமேரூரில் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் இயங்கியதைக் கல்வெட்டே சொல்கிறது!

ஆனால் எச்சரிக்கையும் தேவை. திருப்பூரில் 1995இல் அரசும் நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளரும் கூடி ஒரு நிறுமம் அமைத்தனர். காவிரி நீர் தொலைவிலிருந்து குழாயில் வந்தது. பின்னலாடைத் தொழில் பயன் பெற்றது. அதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் நிறுமம் பங்குதாரருக்குக் கணக்குச் சொல்லும். வாக்காளருக்குச் சொல்ல வேண்டிய கடமை அதற்கு ஏது? அந்த வழியை அப்படியே நகலெடுக்கலாகாது.

எனவே சட்டத்தில் மூன்று கட்டளைகள் இருக்க வேண்டும். வாரியத்தில் பெரும்பான்மையோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாய் இருக்கவேண்டும். ஆலைக்கு ஒரு கட்டணம், ஏழை வீட்டுக் குழாய்க்கு வேறு கட்டணம் என்று விதிக்கவேண்டும். வரவு செலவை ஆண்டுதோறும் கிராமசபையிலும் மாமன்றத்திலும் வைக்கவேண்டும்.

“இன்னொரு வாரியமா, இன்னொரு வரியா?” என்று கேட்போர் உண்டு. தனியார் லாரிக்கும் குடத்துக்கும் கொடுக்கும் காசு வரியன்றி வேறென்ன? ரசீது இல்லாத வரி! அதைத் திருப்பிக் கேட்க மன்றமும் இல்லை, தேர்தலும் இல்லை.

1992இன் அரசியல் சட்டத் திருத்தங்கள், குடிநீரை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒப்படைக்கத்தக்க பொருளாக்கின. தண்ணீர் குறித்துச் சட்டம் இயற்றும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. வழி இருக்கிறது, வலிமையும் இருக்கிறது. வேண்டுவது எழுச்சி ஒன்றே.

தோழர்களே! வரும் கிராமசபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், தீர்மானத்தோடு போங்கள். தெருக்குழாயடியில் நிற்கும் தாயிடம் இந்தச் சட்டம் யாருக்காக என்று எடுத்துச் சொல்லுங்கள். ஊரெல்லாம் ஒளி தரும் கைகளுக்கு ஒரு குவளை நீர் தருவது சலுகையன்று, கடன்!